செத்த பிள்ளைக்கு என்ன பேருடே?

ராத்திரி பதினொன்றரைக்கு மழை பிடித்தது. பன்னிரண்டு மணிக்கு நண்பனிடமிருந்து போன்.

"லேய், நாளைக்கு வெட்டு இல்ல. நானும் வாறேன். என் டிக்கெட்டை ஆருக்கும் குடுத்திராத."

அவன் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவன். பட்டை நனைந்தால் வெட்டுக் கிடையாது. வெட்டினாலும் பால் சிரட்டைக்குள் விழாமல் மரமெல்லாம் பரவி மழைத்தண்ணீரோடு போய்விடும். மழையில்லாத நாளில் நாலு மணிக்கெல்லாம் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்பான். வெயில் ஏறும் முன் வெட்டினால்தான் பால் ஓடும். விடிகாலை நாலு மணிக்குப் படம் என்பது எங்களுக்குத்தான் அதிசயம். அவனுக்கு அது வேலை நேரம்.

அந்தக் காட்சிக்கு நாங்கள் மாநிலம் தாண்ட வேண்டும். 2023 ஜனவரியில் சென்னையில் ஒரு தியேட்டர் வாசலில் விடிகாலைக் கொண்டாட்டத்தின்போது லாரியின் மேல் ஆடிக்கொண்டிருந்த ரசிகர் ஒருவர் விழுந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எவ்வளவு பெரிய படம் என்றாலும் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். அந்த ஆண்டு அக்டோபர் 19 அன்று 'லியோ' வந்தபோது 4 மணிக் காட்சி கேட்டு உயர் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்கள், நடக்கவில்லை. கேரளத்தில் அதே படம் 4 மணிக்கு ஓடியது. சென்னைக்காரர்களுக்கு இதெல்லாம் பத்திரிகைச் செய்தி. எங்களுக்கு ஒரு பைக் சவாரி. மார்த்தாண்டம், குழித்துறைப் பாலம், படந்தாலுமூடு, களியக்காவிளை. சாவடியைத் தாண்டினால் இஞ்சிவிளை, பாறசாலை, அப்படியே நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1 அன்று இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்காக அடிபட்டவர்கள், குண்டடி பட்டுச் செத்தவர்கள் உண்டு. அவர்களுடைய பேரன்மார் நாங்கள், தமிழ்ப் படத்தை முதலில் பார்ப்பதற்காக ராத்திரியோடு ராத்திரியாகக் கேரளத்துக்கு ஓடுகிறோம். பாட்டாமார் கண்டால் செருப்பைக் கழற்றுவார்கள்.

படத்தின் பெயரையும் நட்சத்திரத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு படத்தை விட்டுவிட்டு அவர் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். கதையை மட்டும் சொல்கிறேன். கதையைச் சொன்னாலும் எந்தப் படம் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் இந்த வகைப் படங்களில் உள்ள சௌகரியம். மலையோர ஊர் ஒன்றில் லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஓர் அண்ணன். வம்புதும்புக்குப் போகாத ஆள். உள்ளூர் ரவுடி கன்னத்தில் அறைந்தாலும் துடைத்துவிட்டு ஸ்பானரை எடுக்கிறார். அவருக்கு ஒரு தங்கச்சி. கல்லூரியில் படிக்கிற பிள்ளை. பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிடுகிறாள், போனில் படம் எடுத்துவிடுகிறாள், கொல்லப்படுகிறாள். அண்ணன் ஒர்க்‌ஷாப் ஷட்டரை இழுத்து இறக்குகிறார். ஷட்டர் தரையில் மோதும் சத்தத்தில் இடைவேளை. மீதியை நீங்களே எழுதிக்கொள்ளலாம். அண்ணனுக்கு இன்னொரு பெயர் இருந்தது, இன்னொரு ஊர் இருந்தது, அங்கே எல்லாருக்கும் அவரைக் கண்டால் பயம்.

தியேட்டர் வாசலில் நின்ற பைக்குகளில் பாதிக்கு மேல் டி.என். 74, டி.என். 75. நாகர்கோவிலும் மார்த்தாண்டமும் அப்படியே பெயர்ந்து வந்திருந்தன. செண்டை அடித்தவர்கள் மட்டும் அந்த ஊர்க்காரர்கள். உள்ளே நடந்ததை நான் பெரிதாக விவரிக்க வேண்டியதில்லை. முதல் பதினைந்து நிமிடம் ஒரு வசனமும் காதில் விழவில்லை. அவர் முகத்தைக் காட்டுவதற்கு முன் கையைக் காட்டினார்கள், அதற்கு முன் காலை, அதற்கும் முன் கால் மிதித்த ஆயில் கறையை. ஆயில் கறைக்கே விசில். ஷட்டர் விழுந்தபோது என் தொண்டையும் போய்விட்டது. யோக்கியன் மாதிரி எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நானும் கத்தினேன், நாற்காலி மேல் ஏறினேன், பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பையனைக் கட்டிப் பிடித்தேன்.

படம் விட்டு வெளியே வந்தால் விடிந்திருந்தது. மழை நின்று, ரோடெல்லாம் ஈரம். உதியன்குளங்கரை பக்கம் ஒரு சாயாக்கடை. புட்டும் பயறும் பப்படமும் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். நாங்கள் ஆறு பேர். அபிப்பிராயம் எட்டு.

"இன்டர்வெல் பிளாக் தெறி. அதுக்கே குடுத்த பைசா முதலாச்சு."

"முதல் பாதி தீ. ரெண்டாம் பாதி கொஞ்சம் லேக்."

"கொஞ்சமா? நான் ஒறங்கிட்டேன்."

"பி.ஜி.எம்.தான் படத்தைத் தூக்கி நிறுத்துது, கேட்டியா. அதை எடுத்துட்டா வெறும் ஒர்க்‌ஷாப் ஆக்கும்."

பால்வெட்டுக்காரன் புட்டை உடைத்துக்கொண்டே சொன்னான்: "கொள்ளாம்."

எங்கள் மாவட்டத்தை அறியாதவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டும். மலையாளத்திலிருந்து வந்ததா, நம்முடையதே அங்கே போனதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது. இழுத்து, கொள்…ளாம் என்றால் பரவாயில்லை. பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துக்கொண்டு கொள்ளாமே என்றால் நாசம். ஒரே சொல்லில் அஞ்சு நட்சத்திரமும் உண்டு, ஒரு நட்சத்திரமும் உண்டு. அவன் சொன்ன கொள்ளாம் எந்தக் கொள்ளாம் என்று அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டாம் பாதி லேக் என்கிற புகார் பழிவாங்கும் படங்களுக்கெல்லாம் வருகிறது. இயக்குநர்களுக்குத் திறமை போதவில்லை என்பதல்ல காரணம் என்று நினைக்கிறேன். இடைவேளை வரைக்கும் நம்மிடம் ஒரு கேள்வி இருக்கிறது: இந்த மனுஷன் எப்போது திருப்பி அடிப்பான்? ஷட்டர் விழுந்ததும் அதற்குப் பதில் கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு மிச்சம் இருப்பது ஒரு பட்டியல்தான். நாலு பேரைக் கொல்ல வேண்டும். முதல் ஆளைக் கொன்றாயிற்று, இன்னும் மூன்று. நட்சத்திரம் தோற்கமாட்டார் என்று டிக்கெட் கிழிக்கிறவருக்கும் தெரியும். ஆகவே பட்டியலை நீட்ட வேறு சரக்கு தேவைப்படுகிறது: ஒரு ஃப்ளாஷ்பேக், பக்கத்து மாநிலத்திலிருந்து ஒரு பெரிய நடிகர் வந்து மூன்று நிமிடம் நின்றுவிட்டுப் போவது, வில்லனுக்கு மேல் ஒரு வில்லன். இந்தப் படத்தில் மூன்றும் இருந்தன. சாயாக்கடையில் அந்த மூன்று நிமிட நடிகரைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம்.

அடுத்த பத்து நாள் மார்த்தாண்டத்தில் எங்கே போனாலும் இதே பேச்சு. எங்கள் அத்தான் பேக்கரி நடத்துகிறார். எதிர் முகாமின் ரசிகர். படம் பார்ப்பதற்கு முன்பே அவருக்கு அபிப்பிராயம் தயாராக இருந்தது, பார்த்த பிறகும் அதில் ஒரு எழுத்தும் மாறவில்லை. "எல்லாம் வெறும் தள்ளு மாப்ளே" என்று சொல்லிவிட்டு ஏத்தங்கா அப்பத்தைப் புரட்டிப் போட்டார். அக்கா மகன் எட்டாம் வகுப்பு. படம் யு/ஏ 16+. 2024 நவம்பரிலிருந்து யு/ஏவை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பெற்றோர் சரி என்றால் போகலாம், முழு 'ஏ' மாதிரி வாசலில் மறிக்கமாட்டார்கள். அக்கா சரி என்று சொல்லவில்லை. அவன் படத்தின் முக்கியமான சண்டை எல்லாவற்றையும் துண்டு துண்டாகப் போனில் பார்த்து முடித்துவிட்டு, என்னைவிட நுணுக்கமாகப் பேசினான். எந்தச் சண்டையில் எந்த நிமிடத்தில் வாத்தியம் மாறுகிறது என்பதுகூடத் தெரியும். கதை மட்டும் தெரியாது. கேட்டேன். "கதை என்னத்துக்கு மாமா?" என்றான்.

தியேட்டர் வாசலில் மைக் பிடித்துக் கருத்துக் கேட்பவர்களை இந்த முறை அவ்வளவாகக் காணோம். 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம், தியேட்டர் வளாகத்துக்குள் இவர்களை விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். நீதிமன்றம் தடை போடவில்லை. எனக்கு இதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. மைக்கைக் கண்டதும் மனுஷர் மாறிவிடுவார்கள் என்பது உண்மை. சாதாரணமாகக் கொள்ளாம் என்கிறவன் மைக்குக்கு முன்னால் நெஞ்சில் அறைந்துகொண்டு கத்துவான். ஆனாலும் கூட்டத்துக்கு நடுவே எப்போதாவது ஒரு கிழவர் வந்து, "பாட்டு வைக்க எடம் இல்லாத எடத்தில எல்லாம் பாட்டு வச்சிருக்கான்" என்று ஒரே வரியில் படத்தை அளந்துவிட்டுப் போவார். அவருக்காகவாவது அந்த மைக் இருந்திருக்கலாம்.

எங்கள் பக்கத்துப் பார்வையாளர்களுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை தமிழ், சனிக்கிழமை மலையாளம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். மார்த்தாண்டத்தில் இரண்டும் அடுத்தடுத்த திரையில் ஓடும். ஆகவே எங்களிடம் இரண்டு தராசு இருக்கிறது. தமிழ் நட்சத்திரம் இருபது பேரைத் தூக்கி எறிந்தால் விசிலடிப்போம். அந்த இருபது பேரில் ஒருவன் விழும்போது கை தவறான பக்கம் மடங்கினால், "மலையாளத்தான் இதை இப்பிடி எடுக்கமாட்டான்" என்போம். 'ஜெயிலர்' படத்தில் விநாயகன் பாதி மலையாளத்தில் மிரட்டியபோது மதுரையில் எப்படி இருந்ததோ தெரியாது. இங்கே எங்கள் அடுத்த வீட்டுக்காரர் சண்டை போடுவது போலவே இருந்தது. இந்தப் படத்து வில்லனுக்கும் ஒரு கேரளக் கொச்சை வைத்திருந்தார்கள். டப்பிங் பேசியவர் எல்லை தாண்டாதவர் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. தியேட்டரில் சிரித்தார்கள். அது சிரிப்பதற்கான காட்சி அல்ல.

கொளச்சல் பக்கத்திலிருந்து ஒரு நண்பன். கல்லூரியில் கூடப் படித்தவன். அவனும் முதல் வாரமே பார்த்துவிட்டான். எப்படி என்று கேட்டேன். "நல்லாத்தான் எடுத்திருக்கான். நான் இடைவேளைக்கு முன்னாடி வெளிய வந்துட்டேன்" என்றான். தங்கச்சியின் உடலைக் கொண்டுவந்து வைக்கிற இடம்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்தக் கரையை ஒட்டிப் போனபோது அவன் வீட்டிலிருந்து ஒருவர் கடலில் இருந்தார். உடல் கிடைக்கவில்லை. அவன் இதைப் பற்றிப் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. அன்றைக்கு அவனாகவே கொஞ்சம் சொன்னான். "கரையில நிண்ணவங்களுக்கு அழவா வேண்டாமாண்ணு தெரியாத மாசம் உண்டும். வருவானோ வரமாட்டானோ. இவனுக்கு உடம்பு கையில கிடைச்சிருக்கு. ஒரு நிமிஷம் அழ விடலாம்லா? உடனே மியூசிக்கைப் போட்டு எழுப்பி விடுதான்." பிறகு பேச்சை மாற்றி, நெத்திலி விலையைச் சொன்னான்.

நான் யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அண்ணன் அழவில்லை. உடலைப் பார்க்கிறார், கேமரா அவரைச் சுற்றுகிறது, கண் சிவக்கிறது, கை முஷ்டியாகிறது. அடுத்தது ஷட்டர். அந்த இடத்தில்தான் நான் நாற்காலி மேல் ஏறியிருந்தேன்.

மூன்றாம் வாரம் மாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். மாமிக்கு வீடு தோவாளை. வயது அறுபத்தெட்டு. சின்ன வயதிலிருந்து பூக் கட்டுகிறவர். தோவாளைச் சந்தைக்கு விடியும் முன்னே பிச்சியும் அரளியும் கேந்தியும் வந்து இறங்கும். மாமிக்கும் நாலு மணி வேலை நேரம்தான். முழங்கால் வலிக்கு நாகர்கோவிலுக்கு வந்திருந்தார். டாக்டர் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டார். இடையில் நாலு மணி நேரம். "எங்கயாவது ஏசியில இரிக்கலாம்டே" என்றார். அப்படித்தான் மத்தியானக் காட்சிக்குப் போனோம். உள்ளே இருபது பேர் இருந்தால் அதிகம். ஆயில் கறைக்கு யாரும் விசிலடிக்கவில்லை. முதல் தடவையாக வசனம் எல்லாம் காதில் விழுந்தது. விழாமலிருந்ததே நல்லது என்று சில இடங்களில் தோன்றியது.

மாமி நன்றாகத்தான் பார்த்தார். சண்டை வந்தபோது சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார், வில்லனை மனமார ஏசினார், நட்சத்திரம் சிரித்தபோது கூடச் சிரித்தார். "இவனுக்கு வயசே ஆவல்ல பாத்தியா" என்றார். வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது கேட்டார்:

"அந்தச் செத்த பிள்ளைக்கு என்ன பேருடே?"

வாயைத் திறந்தேன். வரவில்லை. இரண்டு தடவை பார்த்த படம். அண்ணனுடைய பழைய பெயர் தெரியும், புதுப் பெயர் தெரியும், வில்லனுடைய பட்டப்பெயர் தெரியும், அண்ணன் வைத்திருந்த ஜீப்புக்கு ஒரு பெயர் உண்டு, அதுவும் தெரியும்.

"பாப்பான்னு கூப்பிடுவான் மாமி."

"பாப்பாங்கிறது பேரா? அது வீட்ல விளிக்கது. பேரு என்ன?"

ஆட்டோ வந்துவிட்டது.

அன்று ராத்திரியே ஒவ்வொருவனிடமும் கேட்டேன். சாயாக்கடையில் இருந்த ஆறு பேரில் ஒருவனுக்கும் தெரியவில்லை. ஒருவன் நடித்த பெண்ணின் பெயரைச் சொன்னான். அத்தானுக்குத் தெரியவில்லை, அதைக் குற்றமாக எடுத்துக்கொண்டு மகிழ்ந்தார். அக்கா மகன், "அவங்க எத்தனாவது நிமிஷம் வருவாங்க?" என்று திருப்பிக் கேட்டான். பால்வெட்டுக்காரன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதாக்கும் எனக்கு என்னவோ இடிச்சிட்டே இருந்துது" என்றான். அப்போதுதான் அவனுடைய கொள்ளாம் எந்தக் கொள்ளாம் என்று விளங்கியது.

மாமிக்கு ஏன் அந்தக் கேள்வி முதலில் வந்தது என்பதற்கு எனக்கு ஒரு காரணம் தெரியும். தோவாளையைத் தாண்டிக் கொஞ்சம் போனால் ஆரல்வாய்மொழி, அதைத் தாண்டினால் முப்பந்தல். சுற்றிக் காற்றாலைகள் சுழல, நடுவில் இசக்கியம்மன் கோயில். திருநெல்வேலி ரோட்டில் போகிற லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். இசக்கியின் கதை பழிவாங்கும் கதை. எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டாக ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். குழுவுக்குக் குழு கொஞ்சம் மாறும். நான் கேட்டது இப்படி: நம்பி வந்த பெண்ணை ஒருவன் கள்ளிச்செடிக்கு அடியில், தன் மடியில் அவள் தூங்கும்போதே கொன்று, நகையை எடுத்துக்கொண்டு போகிறான். அவள் நீலியாகத் திரும்பி வருகிறாள். அவன் மறுபிறவி எடுத்திருக்கிறான். அந்தப் பிறவியிலும் விடுவதில்லை. கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன், என்னைக் கைவிட்டுவிட்டான் என்று ஊர் நடுவில் வந்து நிற்கிறாள்.

சின்ன வயதில் மாமியின் மடியில் படுத்துக்கொண்டு இதைக் கேட்டிருக்கிறேன். வில்லில் மணி குலுங்கும், குடத்தில் தட்டுகிற பத்தி மட்டை விழும், உடுக்கை நடுவில் வந்து நடுங்கும். அண்ணாவி அந்தப் பெண் பிறந்ததைப் பாடுவார், வளர்ந்ததைப் பாடுவார், அவள் தலை சீவிப் பூ வைத்ததை ஒரு பாட்டாகப் பாடுவார். நான் தூங்கி விழித்தாலும் அவள் உயிரோடுதான் இருப்பாள். அவள் சாகும்போது நடு ராத்திரி தாண்டியிருக்கும். அந்த இடத்தில் வில் நின்றுவிடும். வெறும் குரல். மாமியும் கூட இருந்த பெண்களும் மூக்கைச் சிந்துவார்கள். பழி பிறகுதான், அது இதைவிட வேகமாகப் போகும்.

அங்கே செத்தவளேதான் பழி வாங்குகிறாள். அவளுக்காக அண்ணன் வரவில்லை. அவளுக்குக் கோயில் இருக்கிறது, அவள் பெயரை ஊரில் பாதிப் பெண்பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள். கொன்றவனுடைய பெயரைத்தான் இப்போது யாரிடம் கேட்டாலும் யோசிப்பார்கள். மலையாளக்காரர்கள் சொல்லும் கள்ளியங்காட்டு நீலி இதன் உறவுக்காரிதான்; கள்ளியங்காடு இங்கே நாகர்கோவிலுக்குள், பார்வதிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2025இல் மலையாளத்தில் அவளையே நாயகியாக வைத்து ஒரு படம் எடுத்து, கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். எங்கள் ஊர் நீலி எல்லை தாண்டிப் போய் நட்சத்திரமாகிவிட்டாள் என்று பால்வெட்டுக்காரனுக்குப் பெருமை.

வில்லுப்பாட்டு ராத்திரி முழுக்க நடக்கும், சினிமாவுக்கு இரண்டரை மணி நேரம்தானே என்று கேட்கலாம். அத்தான் கேட்டார். அப்போது எனக்குச் சிலப்பதிகாரம் ஞாபகத்துக்கு வந்தது. மொத்தம் 30 காதை. கோவலன் வெட்டுப்படுவது கொலைக்களக் காதையில்; அது 16ஆவது. கணக்குப் பார்த்தால் சரியாக இடைவேளை. அதுவரைக்கும் இளங்கோ அவனைக் கல்யாணம் கட்டவைக்கிறார், மாதவியிடம் அனுப்புகிறார், கடற்கரையில் பாடவைக்கிறார், சந்தேகப்பட வைக்கிறார், மனைவியோடு மதுரைக்கு நடக்க வைக்கிறார், ஆயர் வீட்டில் அவள் கையால் சாப்பிட வைக்கிறார். எல்லாம் செய்த பிறகு கொல்கிறார். அதற்குப் பிறகு கண்ணகி ஒற்றைச் சிலம்போடு எழுந்தால், யார் செத்தது என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது. நம் ஆட்களுக்கு இடைவேளையை எங்கே வைக்க வேண்டும் என்று நன்றாகத் தெரிகிறது. அதற்கு முன்னால் என்ன வைக்க வேண்டும் என்பதில்தான் ஆயில் கறையில் வழுக்கி விழுகிறார்கள்.

"நீ சிலப்பதிகாரத்துக்கு பி.ஜி.எம். ஆரு போட்டதுண்ணு சொல்லு, பிறகு பேசுவோம்" என்றார் அத்தான். பதில் இல்லை.

நாலு வாரம் கழித்துப் படம் ஓ.டி.டி.யில் வந்தது. வேறு வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்தேன். அந்தப் பெண் வருகிற இடங்களை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். உயிரோடு ஒன்பது நிமிடம் சொச்சம் வருகிறாள். அதில் இரண்டு நிமிடம் அண்ணனுடைய நல்ல குணத்தைப் பற்றித் தோழியிடம் சொல்கிறாள். ஒரு நிமிடம் அண்ணனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போகிறாள். நன்றாக நடிக்கிற பெண். அண்ணன் ஏசியதும் உதட்டைச் சுழித்துக்கொண்டு டிபன் கேரியரை எடுத்துப் போகிற ஓர் இடம், முதல் இரண்டு முறையும் நான் கவனிக்காதது. தியேட்டரில் அப்போது யாரோ காகிதத்தைக் கிழித்துத் தூவிக்கொண்டிருந்தார்கள்.

பெயரை யாருமே சொல்லவில்லை. அண்ணனுக்குப் பாப்பா. தோழிக்கு ஏட்டி. வில்லனுக்கு அந்தப் பொண்ணு. போலீஸ்காரருக்குப் பாடி. கல்லூரி அடையாள அட்டை ஒரு காட்சியில் ஆடுகிறது. நிறுத்திப் பார்த்தால் பின்பக்கம். பட முடிவில் ஓடுகிற பெயர்ப் பட்டியலில் நடிகர்களின் பெயர் மட்டும்தான் இருந்தது, பாத்திரங்களின் பெயர் இல்லை.

கடைசிச் சண்டைக்குப் பிறகு ஒரு காட்சி வரும். அண்ணன் ரத்தச் சட்டையோடு வீட்டுக்கு வந்து சுவரில் மாட்டியிருக்கும் அவள் போட்டோவுக்கு முன்னால் நிற்பார். தியேட்டரில் அப்போது பாதிப் பேர் எழுந்துவிட்டிருந்தார்கள். போட்டோ முழுத்திரைக்கும் வருகிற இடத்தில் நிறுத்தினேன். நம் வீடுகளில் இருப்பது போலவே செய்திருந்தார்கள். கீழே இடது பக்கம் தோற்றம், வலது பக்கம் மறைவு, தேதிகள். நடுவில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மாலையின் குஞ்சம் தொங்கியது. குஞ்சத்துக்கு மேலே ஓர் எழுத்தின் மேல்விலங்கு மட்டும் தெரிந்தது. 'கி'யாக இருக்கலாம், 'வி'யாகவும் இருக்கலாம்.

மாமிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் பூக்கூடை இழுபடுகிற சத்தம்.

"என்ன மாலைடே?"

"சம்பங்கி மாதிரி இருக்கு மாமி. நடுவில ரோஜா."

"எவ்வளவு நீளம்?"

சொன்னேன்.

"அந்தப் போட்டோவுக்கு அது கூடுதல். ஒரு சாண் குறைச்சுக் கெட்டியிருக்கணும்" என்றார் மாமி.